முள் இல்லாத வட்டம்

உங்கள் மேசை மேல் இருக்கிற அந்த மணி நல்ல மணி, ஐயா. குமிழ் மேலே துருத்திக்கொண்டு நிற்கிறது. பார்த்தாலே உள்ளங்கையால் ஒரு தட்டு தட்டத் தோன்றுகிறது. யாரும் சொல்லித்தர வேண்டாம், பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டாம். பொருள் என்றால் அப்படி இருக்க வேண்டும். நான் சொல்ல வந்தது முழுக்க அதைப் பற்றித்தான்.

என் மகனைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். தன் தாய்மாமன் சாவுக்குத் தான்தான் காரணம் என்று அவனே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறான். கவனக்குறைவால் போன உயிர் என்று நீங்களும் வாங்கிக்கொண்டீர்கள். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்கு நடந்தது தெரியாது, அவ்வளவுதான். எனக்குத் தெரியும். சாப்பிடாமல் சுவரைப் பார்த்தபடி கிடக்கிறான் என்று கேள்விப்பட்டேன். அவனை விட்டுவிடுங்கள். கேட்க வேண்டியதை என்னிடம் கேளுங்கள்.

ஒன்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிற ஆள். நீங்கள் எழுதுவதை எல்லாம் கடைசியில் சத்தமாக வாசித்துக் காட்டிவிட்டுத்தான் கையெழுத்துக் கேட்க வேண்டும். உங்கள் மேல் மட்டும் சந்தேகம் இல்லை, எல்லார் மேலும்தான். இந்தப் பதிவுப் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிகிறது. ஓடுகிறது என்று தெரிகிறது. நல்லது.

நான் ஒரு சாய ஆலையில் பாய்லர் பார்த்தவன். உள்ளே கொதிக்கிற நீராவி எவ்வளவு முட்டுகிறது என்று ஒரு மீட்டர் காட்டும். பித்தளை விளிம்பு, வெள்ளை முகம், கறுப்பு முள். வலது பக்கம் சிவப்புக் கோடு. முள் சிவப்பைத் தொட்டால் கீழே இருக்கிற சக்கரத்தைத் திருகி வால்வைத் திறக்க வேண்டும். அந்த மீட்டரைப் பார்ப்பதுதான் என் வேலை. கரி அள்ளிப் போடுவது என் மச்சான், என் மனைவியின் அண்ணன். அவன் போடுவான், நான் பார்ப்பேன். போதும் என்று கை காட்டினால் நிறுத்துவான். அவன் என்னை மாப்ளே என்பான். வயதில் எனக்கு மூத்தவன், வாயில் எனக்கு மூன்று மடங்கு.

பாய்லர் சத்தத்தில் பேச்சு காதில் விழாது. அதனால் ஏதாவது என்றால் குழாயில் தட்டுவோம். தட்டு கேட்டதும் ஏன், எதற்கு என்று கேட்காமல் போய் வால்வைத் திறக்க வேண்டும். எங்களுக்குள் இருந்த ஒரே சட்டம் அதுதான்.

ஒரு நாள் அவன் கையிலிருந்து ஸ்பானர் நழுவி மீட்டர் கண்ணாடியில் பட்டது. மயிரிழை மாதிரி ஒரு விரிசல். நான் வாய்க்கு வந்தபடி திட்டினேன். அவன் கையைத் துடைத்துக்கொண்டே, "கண்ணாடிதானே மாப்ளே, உன் கண்ணு இல்லையே, விடு" என்றான். மாற்றித் தருகிறோம் என்று மேஸ்திரி சொன்னார். நான் வேண்டாம் என்றேன். முள் நன்றாகத்தான் தெரிந்தது. அந்த விரிசலும் போகப் போக முகத்தில் ஒரு தழும்பு மாதிரி ஆகிவிட்டது.

ஆலையை மூடினார்கள். பாய்லரைத் துண்டு துண்டாக அறுத்து இரும்புக் கடைக்கு ஏற்றினார்கள். அந்த மீட்டரை மட்டும் கேட்டேன், தரவில்லை. ஆனால் அதற்கு முன்பே என் மகன் அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தான்.

அவன் நன்றாகப் படம் வரைவான். படித்து, போனுக்குள் வருகிற ஆப்களுக்கு முகம் வரைகிற வேலைக்குப் போனான். முதலில் எனக்கு அது வேலை என்றே தோன்றவில்லை. பிறகு அவன் கம்பெனி ஆக்சிஜன் மெஷினுக்கு ஒரு ஆப் செய்தது. மூச்சு சரியாக வராதவர்கள் வீட்டில் வைத்திருப்பார்களே, அந்த மெஷின். அறைக் காற்றை இழுத்து, வடிகட்டி, மெல்லிய குழாயில் மூக்குக்கு அனுப்பும். கூட்டுவது, குறைப்பது, நிறுத்துவது எல்லாம் போனிலிருந்தே செய்யலாம். அதற்கு முகம் வரையச் சொன்னபோது என் மகன் என் மீட்டரை வரைந்தான்.

அப்படியே வரைந்தான், ஐயா. பித்தளை விளிம்பில் வெளிச்சம் பட்டு மின்னும். முள்ளுக்குக் கீழே நிழல் விழும். கீழே சிவப்புச் சக்கரம், விரலால் திருகினால் சுற்றும். அந்த விரிசலைக்கூட விடவில்லை. "அப்பா, இதை எடுத்துட்டா உங்க மீட்டர் மாதிரியே இல்லை" என்றான்.

மச்சானுக்கு நுரையீரல் கெட்டது. அத்தனை வருஷம் கரித்தூள் தின்ற நுரையீரல் பின்னே எப்படி இருக்கும். அவனுக்கும் ஆள் இல்லை, என் மனைவியும் போய்ச் சேர்ந்துவிட்டாள், அதனால் என்னோடு வந்துவிட்டான். இரண்டு அறை, ஒரு சமையற்கட்டு. அவனுக்கு அதே மெஷின் வந்தது. என் போனில் என் மீட்டர். மறுபடியும் நான் முள்ளைப் பார்த்தேன், அவன் மூச்சு விட்டான்.

மாதம் ஒரு தடவை அவனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவேன். அங்கே பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மூக்கில் குழாயோடு. பக்கத்தில் மகளோ மருமகளோ போனைக் கையில் வைத்திருப்பார்கள். எட்டிப் பார்ப்பேன். என் மீட்டர். அடுத்த ஆள் கையில் என் மீட்டர். முன்பின் தெரியாத ஒருத்தியிடம் போய், "இது என் மீட்டர்ம்மா" என்றேன். அவள் போனை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். மச்சான் சிரித்துச் சிரித்து இருமல் வந்து, நர்ஸ் ஓடி வந்தாள். "திருடன்னு நினைச்சுட்டா மாப்ளே. அடுத்த மாசம் நெத்தியில எழுதி ஒட்டிக்கிட்டு வா."

அவன் சிரித்தால் சிரிக்கட்டும். நான் என்ன செய்து வைத்துவிட்டுப் போகப் போகிறேன் இந்த உலகத்தில்? வீடு கட்டவில்லை. பத்துப் பேர் பேர் சொல்கிற மாதிரி ஒன்றும் இல்லை. அந்த மீட்டர்தான்.

பிறகு ஒரு காலையில் அது போய்விட்டது.

மச்சானுக்குக் காற்றைக் கொஞ்சம் கூட்டலாம் என்று போனைத் திறந்தேன். வெள்ளைத் தாள். நடுவில் மெல்லிசாக ஒரு வட்டம், உள்ளே ஒரு எண். முள் இல்லை, சக்கரம் இல்லை, சிவப்பு இல்லை. வேறு எதையோ திறந்துவிட்டேன் என்று மூடித் திறந்தேன். திரும்பவும் அதே. போனையே அணைத்து உயிர் கொடுத்துப் பார்த்தேன். மச்சான் கட்டிலில் இருந்தபடி எட்டிப் பார்த்து, "என்ன மாப்ளே, சாப்பிட்டுக் கழுவி வச்ச தட்டு மாதிரி இருக்கு" என்றான். தெருமுனைப் போன் கடைக்கு ஓடினேன். கடைக்காரன் ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இது புதுசு பெரியவரே, தானா மாறிடும்" என்றான். பழசைப் போட்டுத் தா என்றேன். முடியாது என்றான். கெஞ்சினேன். நான் யாரிடமும் கெஞ்சுகிறவன் இல்லை.

மகனை வரச் சொன்னேன். வந்தான். பொறுமையாகத்தான் சொன்னான்.

"அப்பா, இப்ப எல்லாமே இப்படித்தான். நிழல், பித்தளை, கண்ணாடின்னு வரைஞ்சா கண்ணுக்குப் பாரம். ஜனங்க போனுக்குப் பழகிட்டாங்க. பொருள் மாதிரியே வரைஞ்சு காட்டணும்னு அவசியம் இல்ல."

"எழுத்துத் தெரியாதவன் என்ன செய்வான்?"

"எழுத்தே இல்லையேப்பா அதுல. ஒரு வட்டம், ஒரு நம்பர்."

"வட்டத்தை வச்சு நான் என்ன கோலம் போடவா?"

அவன் சிரிக்கவில்லை. குனிந்துகொண்டே சொன்னான். "கை நடுங்குறவங்களால அந்தச் சக்கரத்தைத் திருக முடியலப்பா. கொஞ்சம் கூட்டணும்னு திருகினா விரல் வழுக்கி ஒரேயடியா ஏறிடுது. சில பேருக்கு ரொம்ப முடியாம போச்சு. அதனாலதான் மாத்தினோம். நானும் சேர்ந்துதான் மாத்தினேன்."

நானும் சேர்ந்துதான் என்றான். அதை அவன் சொல்லாமல் இருந்திருக்கலாம்.

நான் அதை நம்பவில்லை. படித்தவர்கள் எதற்கும் ஒரு காரணம் வைத்திருப்பார்கள். ஆனால் மச்சான் போனைக் கேட்டு வாங்கினான். அவனுக்குக் கை நடுங்கும். அந்த நடுங்குகிற விரலால் வட்டத்தைத் தொட்டான். மெஷின் நின்றது. அழுத்திப் பிடித்தான். வட்டம் மெல்ல மெல்ல நிரம்பி, மெஷின் ஓடத் தொடங்கியது. "எனக்கு இதுதான் சுலபமா இருக்கு மாப்ளே" என்றான். நான் அவனோடு இரண்டு நாள் பேசவில்லை.

அப்போது நானும் பார்த்துக்கொண்டேன். நிறுத்துவதற்குத் தொட்டால் போதும். ஓட்டுவதற்கு அழுத்திப் பிடிக்க வேண்டும். பிடிக்க வேண்டும் என்று அந்த வட்டம் எங்கேயும் சொல்லவில்லை. சக்கரம் என்றால் திருகு என்று சொல்லும். மணி என்றால் தட்டு என்று சொல்லும். அந்த வட்டம் வாய் செத்தது. இதில் நான் சொல்வதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள்.

ஊரில் எத்தனை கிழவன் கிழவி அந்த வெள்ளைத் தாளை வைத்துக்கொண்டு தடவிக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தேன். எனக்காக நான் எதுவும் செய்யவில்லை, ஐயா. அவர்களுக்காகத்தான். இதை எழுதிக்கொள்ளுங்கள்.

மகனை விடவில்லை. காலையில் போன், மத்தியானம் போன், அவன் வேலைக்கு நடுவில் போன். சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரிப் பெஞ்சில் இப்போது எல்லார் கையிலும் அந்தக் கழுவி வைத்த தட்டு. எட்டிப் பார்க்க ஒன்றும் இல்லை. ஒரு நாள் மகன் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்துவிட்டேன். மருமகள் உள்ளே வரச்சொல்லிக் கெஞ்சினாள். போகவில்லை. கடைசியில் அவன் தன் மேலாளரிடம் பேசினான். அந்த அம்மா சொன்னாளாம், "உங்க அப்பாவையே உட்கார வச்சுப் படம் பிடிச்சுக்கிட்டு வாங்க. நிஜமாவே அவரால முடியலைன்னா மறுபடியும் யோசிக்கலாம்."

அதாவது ஒரே ஒரு படம். அதில்தான் எல்லாம் இருந்தது.

நான் யோசித்தேன். கிழவன் ஒருத்தன் தடவுகிறான், அவ்வளவுதான் படத்தில் தெரியும். பார்த்துச் சிரித்துவிட்டு அடுத்த வேலைக்குப் போவார்கள். சிரிப்பவன் எதையும் மாற்ற மாட்டான். பயந்தவன்தான் மாற்றுவான். பாய்லரில் அதுதான் பார்த்திருக்கிறேன். முள் சிவப்பைத் தொட்டால்தான் மேஸ்திரி நாற்காலியை விட்டு எழுந்திருப்பார்.

மச்சானிடம் சொன்னேன். படம் பிடிப்பதற்கு மகன் வேறு போன் கொண்டுவருவான், அது எந்த மெஷினோடும் சேராத வெறும் ஆபீஸ் போன். என் போன் அவன் ஆபீஸில் கழித்துக் கட்டியதுதான், இரண்டும் ஒரே அச்சு, ஒரே கறுப்பு உறை. நான் போனை மாற்றி வைத்துக்கொள்கிறேன். நிறுத்தச் சொன்னால் நிறுத்துகிறேன், உன் மெஷின் நிஜமாகவே நிற்கும். திரும்ப ஓட்டச் சொல்வான், எனக்குத் தெரியாத மாதிரி தடவுகிறேன். நீ இருமு. அவன் ஓடிவந்து பார்த்துப் பதறட்டும். வெள்ளைத் தாள் ஆளைக் கொல்லும் என்று அவன் கண்ணால் பார்க்கட்டும்.

மச்சான் டிவியை அணைத்தான்.

"என்னை மூச்சு முட்ட வச்சு உனக்கு மீட்டர் வாங்கணுமா?"

"கொஞ்ச நேரம்தான். இருமினதும் அவன் வந்துடுவான்."

"இருமுறதுல என்னை அடிச்சுக்க ஆள் இல்ல. அது சரி, நிஜமாவே முட்டிச்சுன்னா?"

"தட்டு."

"தட்டினா?"

"உடனே திறந்துடுவேன். என்னைக்கு மச்சான் நான் திறக்காம இருந்திருக்கேன்?"

அது உண்மை. அவன் தட்டி நான் திறக்காமல் இருந்தது கிடையாது. அவன் டம்ளரை எடுத்துச் சுவரில் ஒரு தடவை தட்டிப் பார்த்தான், சத்தம் சரியாக வருகிறதா என்று. "என் தங்கச்சியை உனக்குக் கட்டிக் கொடுத்ததுக்கு இன்னும் என்னென்ன பார்க்கணுமோ" என்றான். பிறகு, "நீ சாப்பிட்டா சரி" என்றான். அந்த வட்டம் தனக்குச் சுலபமாக இருக்கிறது என்று சொன்னவன், எனக்காக அதைக் கெட்டது என்று நிரூபிக்க ஒத்துக்கொண்டான். அவன் அப்படிப்பட்ட ஆள்தான்.

மகன் வந்தான். முன்னறையில் மேசை போட்டு, என் விரல் மட்டும் விழுகிற மாதிரி காமிராவைத் தாங்கியில் நிறுத்தினான். உள்ளே போய் மாமனிடம், "நல்லா இருக்கீங்களா மாமா" என்று கேட்டான். மச்சான் டிவியைச் சத்தமாக வைத்துக்கொண்டு, "உங்கப்பன் இருக்கிறவரைக்கும் எனக்கு என்னடா" என்றான். மெஷின் இரைச்சல் தாங்காது என்று அதை நாங்கள் கட்டிலுக்கு எதிர்க் கோடியில் ஜன்னலோரம் வைத்திருந்தோம். அதிலேயே ஒரு சுவிட்ச் உண்டு. ஆனால் காற்று இல்லாமல் அவனால் நாலு எட்டு வைக்க முடியாது. அதை நான் யோசித்தேனா என்று கேட்பீர்கள். யோசித்தேன். மகன்தான் ஓடி வரப்போகிறானே என்று விட்டுவிட்டேன்.

மகன் கதவைச் சாத்திவிட்டு வந்து எனக்கு விதி சொன்னான்.

"அப்பா, இது உங்களுக்கு வைக்கிற பரீட்சை இல்ல. ஆப்பைத்தான் சோதிக்கிறோம். மனசுல தோணுறதை வாய்விட்டுச் சொல்லிக்கிட்டே செய்ங்க. நான் பின்னாடி உட்கார்ந்திருப்பேன். உதவி பண்ணக்கூடாது, தலைகூட ஆட்டக்கூடாது. அதுதான் எங்க ரூல். நீங்க தப்புப் பண்ணவே முடியாது."

"பண்ணினா?"

"நீங்க என்ன பண்ணினாலும் அது வரைஞ்சவன் தப்புதான்."

அந்த வார்த்தையை அவன்தான் சொன்னான், ஐயா. நான் அவன் வாயில் போடவில்லை. நீங்கள் வாங்கி வைத்திருக்கிற காகிதத்தில் அவன் எழுதியிருப்பதும் அதேதான்.

அவன் தண்ணீர் குடிக்கச் சமையற்கட்டுக்குப் போன நேரத்தில் ஆபீஸ் போனை மேசையில் கிடந்த செய்தித்தாளுக்கு அடியில் தள்ளிவிட்டு என் போனை எடுத்து வைத்தேன். அவன் வந்து காமிராவை ஓடவிட்டான். "நிறுத்துங்க. அப்புறம் மறுபடியும் ஓட்டி ரெண்டுல வைங்க." அவ்வளவுதான் அவன் கொடுத்த வேலை.

படத்தை நீங்கள் பார்த்திருப்பீர்கள். வட்டம் இருக்கு, தொடுறேன் என்கிறேன். நிற்கிறது. மறுபடி தொடுறேன் என்கிறேன். ஒன்றும் ஆகவில்லை. மேலே தொடுகிறேன், கீழே தொடுகிறேன், எண்ணைத் தொடுகிறேன். விளிம்பில் விரலை வைத்துச் சக்கரம் மாதிரி சுற்றுகிறேன். பாவம், கிழவன் என்று உங்களுக்கும் தோன்றியிருக்கும். அந்தப் படம் முழுக்க என் விரல் அந்த வட்டத்தை எத்தனையோ தடவை தொடுகிறது. ஒரு தடவைகூட அழுத்திப் பிடிக்கவில்லை. பார்க்கிறவர்கள் அதைத் தெரியாமை என்று நினைக்கிறார்கள். தெரியாதவன் எப்போதாவது தற்செயலாகப் பிடித்துவிடுவான். ஒரு தடவைகூடப் பிடிக்காமல் இருக்கத் தெரிந்தவனால்தான் முடியும்.

மச்சான் இருமினான். மகன் நாற்காலி கிரீச்சென்றது. எழுந்திருக்கப் போகிறான் என்று தெரிந்தது. நாங்கள் போட்ட கணக்கு அதுதான், அவன் போயிருந்தால் எல்லாம் அங்கே முடிந்திருக்கும். ஆனால் எனக்கு அந்த நேரம் ஒன்று தோன்றியது. அவன் இருமலுக்காக எழுந்தால் வட்டத்துக்கு அதில் என்ன தோல்வி? கிழவன் இருமினான், மகன் எழுந்தான், அவ்வளவுதான். அவன் வாயைத் திறக்க வேண்டும். தன் விதியைத் தானே உடைத்து, இப்படிச் செய்யுங்கள் என்று எனக்குச் சொல்லித் தர வேண்டும். அவன் வரைந்தது தானாகப் பேசாது என்று அவன் வாயால் காமிராவில் வர வேண்டும். அதனால், "அவன் எப்பவும் இருமுறதுதானே, உட்காரு" என்றேன். உட்கார்ந்தான். சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை.

படத்தில் பின்னால் ஒரு சத்தம் வருகிறதே, அது என்ன என்று கேட்கிறீர்கள். வருகிறேன். டிவி இரைச்சலில் எனக்கு எதுவும் சரியாகக் கேட்கவில்லை என்று உங்கள் ஆட்களிடம் முன்பு சொல்லியிருந்தேன். அது அப்படி இல்லை.

அது டம்ளர். அவன் தட்டினான்.

பாய்லரில் எப்படித் தட்டுவானோ அப்படியே தட்டினான், விட்டு விட்டு, நிதானமாக. நான் திறந்துவிடுவேன் என்று நம்புகிறவன் தட்டுகிற தட்டு. மகனுக்கும் கேட்டது. "மாமா தட்டுறாரேப்பா" என்றான். படத்தில் அதுவும் இருக்கிறது, அதற்கு நான் சொன்ன பதிலும் இருக்கிறது. "ரிமோட் கைக்கு எட்டலைன்னா இப்படித்தான் தட்டுவான். நீ உன் ரூலைப் பாரு." இத்தனை பேர் அந்தப் படத்தைப் பார்த்தார்கள். ஒருத்தரும் அந்த வாக்கியத்தில் நிற்கவில்லை. எல்லாரும் என் விரலையே பார்த்திருக்கிறார்கள்.

தட்டு அவசரமானது. பிறகு ஒழுங்கு கெட்டது. என் விரல் வட்டத்தின் மேலேயே இருந்தது, ஐயா. கொஞ்சம் அழுத்தியிருந்தால் போதும். மகனுடைய மூச்சு என் பிடரியில் படுகிற தூரத்தில் கேட்டது, அவன் தவித்துக்கொண்டிருந்தான். இதோ சொல்லிவிடுவான், இதோ சொல்லிவிடுவான் என்று இருந்தேன். இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம். ஏதோ உருண்ட சத்தம் கேட்டது, டம்ளராக இருக்க வேண்டும். அதற்குப் பிறகு தட்டு இல்லை.

அப்போதுதான் அவன் சொன்னான். "அப்பா, அழுத்திப் பிடிங்கப்பா. பிடிச்சுக்கிட்டே இருங்க."

நான் பிடித்தேன். வட்டம் நிரம்பியது. உள்ளே மெஷின் பீப்பென்று கத்திவிட்டு ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் மகன் எழுந்தான். ஆபீஸ் போனில் எப்படி உள்ளே இருக்கிற மெஷின் ஓடும் என்று அவனுக்குப் பட்டுவிட்டது. கதவைத் தள்ளிக்கொண்டு ஓடினான். மச்சான் கட்டிலில் இல்லை. கட்டிலுக்கும் மெஷினுக்கும் நடுவில், கையை முன்னால் நீட்டியபடி தரையில் கிடந்தான். குழாயில் காற்று வந்துகொண்டிருந்தது, வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

மகன் அவன் மார்பில் கையை வைத்து அமுக்கினான், வாயில் ஊதினான், மாமா மாமா என்று கூப்பிட்டான். ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து தூக்கியபின் முன்னறைக்கு வந்து, என் கையிலிருந்த போனைத் திருப்பிப் பார்த்தான்.

"இது உங்க போன்ப்பா."

"நீ கொடுத்ததைத்தானே தொட்டேன்" என்றேன்.

அவன் செய்தித்தாளைத் தூக்கிப் பார்த்தான். அடியில் ஆபீஸ் போன் இருந்தது. அதை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தான். "நான் மாத்திக் கொடுத்துட்டேன். நான்தான் மாத்திக் கொடுத்துட்டேன்" என்று சொல்லிக்கொண்டே இருந்தான். நான் அவன் தலையில் கை வைத்தேன். இல்லை என்று நான் சொல்லவில்லை.

ஏன் அன்றைக்கே சொல்லவில்லை என்று கேட்பீர்கள். சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும், நீங்களே யோசியுங்கள். வட்டம் நல்லதுதான், கிழவன்தான் கெட்டவன் என்று முடித்திருப்பார்கள். மச்சான் வீணாகச் செத்திருப்பான். அவன் மூச்சுக்கு ஒரு பலன் வேண்டாமா? காத்திருந்தேன். நீங்கள் வந்து மகனைக் கூட்டிக்கொண்டு போனபோதும் காத்திருந்தேன். மருமகள் என் காலைப் பிடித்துக்கொண்டு, "உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா சொல்லுங்க மாமா" என்று அழுதபோதும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். கல் நெஞ்சு என்பீர்கள். எத்தனை நாள் விடியும்வரை கட்டிலைப் பார்த்துக்கொண்டு கிடந்தேன் என்று எனக்குத்தான் தெரியும்.

போன வாரம் வெள்ளைத் தாள் போய்விட்டது. ஆள் செத்த பயத்தில் பழைய முகத்தையே திருப்பிப் போட்டுவிட்டார்கள். என் மகன் வரைந்தது இல்லையாம், அவன் படங்களை எல்லாம் எடுத்துவிட்டு வேறு யாரையோ விட்டுப் பார்த்த ஞாபகத்தில் வரையச் சொல்லியிருக்கிறார்கள். ஆனாலும் மீட்டர்தான். பித்தளை, முள், சிவப்பு, சக்கரம். போனைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன், எனக்கு அங்கே இப்போது வேலை இல்லைதான். பெஞ்சு முழுக்கப் பார்த்தேன். எல்லார் கையிலும் வந்துவிட்டது. ஒரு கிழவருக்குக் கை நடுங்கியது, சக்கரம் வழுக்கி எண் எங்கேயோ ஏறியது. பக்கத்திலிருந்த பெண் பதறிக் குறைத்தாள். பழகிவிடும்.

அவ்வளவுதான், ஐயா. என் மச்சான் தட்டினான், நான் கேட்டேன், திறக்கவில்லை. போனை மாற்றியது நான். மகனை உட்காரச் சொன்னது நான். அதை அவன் தலையில் கட்டியதும் நான். வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் நான் சொன்னதை அந்தக் கம்பெனிக்குச் சொல்ல வேண்டாம். கேள்விப்பட்டால் மறுபடி வெள்ளைத் தாளைப் போட்டுவிடுவார்கள். உங்கள் காலில் விழச் சொன்னாலும் விழுகிறேன்.

மகனை விடும்போது அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். நான் சொன்னால் கேட்க மாட்டான், என் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டான், நீங்கள் சொல்லுங்கள். புதிதாக வரைந்தவன் ஸ்பானர் பட்ட இடம் தெரியாமல் விரிசலை இடது பக்கம் போட்டுவைத்திருக்கிறான். வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் கண்ணை உறுத்திக்கொண்டே இருக்கிறது, அதைச் சொல்லத்தான் உங்களைத் தேடி வந்தேன். சரியான இடம் என் மகனுக்குத்தான் தெரியும், அவன் போய்ச் சொன்னால் மாற்றிவிடுவார்கள். வலது பக்கம், ஐயா, சிவப்புக் கோட்டுக்குக் கொஞ்சம் மேலே.